தலையாட்டி பொம்மையும் தானியங்கி கியரும்

மலர்க் குழுவினர் போனில் கூப்பிட்டு, "அண்ணே, இந்த வருஷ மலருக்கு உங்க கட்டுரை ஒண்ணு வேணும். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி ஏற்கெனவே ஆறு பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க. நீங்க வேற ஏதாவது எழுதுங்க" என்றார்கள். சாம்பாரும் பறிபோன பிறகு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கியர். வாழ்நாளின் நல்ல பகுதியை அதற்குத்தான் கொடுத்திருக்கிறேன். எனவே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஆட்டோமேட்டிக் கியர் வந்து சேர்ந்த கதையையும், அதை நம் சாலைக்குப் பழக்கிய கதையையும் சொல்கிறேன். மெக்கானிக்கல் படிக்காத நண்பர்கள் பயப்பட வேண்டாம், சமன்பாடு ஒன்றுகூட வராது.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எல்லோரும் பார்த்திருப்போம். லேசாகத் தட்டினால் தலை முன்னும் பின்னும் ஆடும். காரில் கியர் மாறும்போது உள்ளே உட்கார்ந்திருப்பவர் தலை அப்படி ஆடினால், அந்தக் கியர் சரியாக மாறவில்லை என்று பொருள். எங்கள் தொழிலில் பல நாள் ராத்தூக்கத்தைக் கெடுத்தது இந்தத் தலையாட்டம்தான். இதைக் குறைக்க முன்பெல்லாம் இரும்பைச் செதுக்கினார்கள், இப்போது எண்களைச் செதுக்குகிறோம். இரும்பிலிருந்து எண்ணுக்கு வந்த பாதைதான் இந்தக் கட்டுரை.

ஸ்பிரிங்கே மூளையாக இருந்த காலம்

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939இல், தன் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் 'ஹைட்ராமேட்டிக்' என்ற நான்கு வேக கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. ஏராளமாகத் தயாரித்து விற்கப்பட்ட முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். இரண்டாம் உலகப் போரில் அதையே அமெரிக்க டாங்கிகளிலும் பொருத்தினார்கள். போர் முடிந்த பின் 1948 மாடல் பியூக் காரில் 'டைனாஃப்ளோ' வந்தது. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெயைச் சுழலவிட்டு விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் அப்போதுதான் பயணிகள் காருக்கு வந்தது. அதன் அடிப்படையை ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இலேயே காப்புரிமை செய்திருந்தார். அவர் அதைச் செய்தது கப்பலுக்காக!

அந்தக் காலத்துக் கியர்பாக்ஸுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. எந்த நேரத்தில் எந்தக் கியர் என்று எது முடிவு செய்தது? எண்ணெய் அழுத்தமும் ஒரு ஸ்பிரிங்கும்தான். வண்டியின் வேகம் கூடக் கூட ஒரு பக்கத்து அழுத்தம் கூடும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க எதிர்ப்பக்கத்து அழுத்தம் கூடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு. கயிறு இழுக்கிற போட்டி மாதிரி, வேகத்தின் பக்கம் ஜெயித்தால் அடுத்த கியர் விழும். மெதுவாக மிதித்தால் சீக்கிரம் மாறுவதும், ஆழமாக மிதித்தால் கியரைப் பிடித்து வைத்திருப்பதும் இந்த இழுபறியால்தான். இந்த வால்வுகளெல்லாம் ஓடும் அலுமினியத் தட்டைக் கழற்றிப் பார்த்தால், கோலப் பொடியில் போட்ட சிக்குக் கோலம் போலவே இருக்கும்.

அழகான ஏற்பாடு, ஆனால் பிடிவாதமானது. கியர் மாறும் வேகத்தைச் சற்று மாற்ற வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், துளையைப் பெரிதாக்க வேண்டும், மறுபடி பூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். 1980களில்தான் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு பரவத் தொடங்கியது. கம்ப்யூட்டர் சின்னச் சின்ன மின்காந்த வால்வுகளைத் திறந்து மூட, அவை எண்ணெயை அனுப்பும். 1986இல் பாஷ் நிறுவனம் 'கேன்' என்ற தகவல் தடத்தை வெளியிட்டது. இன்ஜின் கம்ப்யூட்டரும் கியர் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அதுவே வழியாயிற்று. 1992இல் மிட்சுபிஷி, ஓட்டுபவரின் போக்கையும் சாலையின் ஏற்ற இறக்கத்தையும் ஊகித்துக் கியரைத் தேர்ந்தெடுக்கும் 'இன்வெக்ஸ்' முறையைக் கொண்டுவந்தது. ஸ்பிரிங் இருந்த இடத்தில் ஓர் எண் வந்து உட்கார்ந்தது. எண்ணை மாற்ற ஸ்பானர் வேண்டாம், லேப்டாப் போதும்.

அதே காலத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? அம்பாசடரின் ஸ்டீயரிங் அருகே இருந்த கியர் லிவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்! கல்லூரியில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒரு பாடமாக இருந்தது. "பரீட்சைக்கு 16 மார்க் கேள்வி வரும், படத்தை நல்லா போட்டுப் பழகுங்க" என்பார் எங்கள் பேராசிரியர். அதை நேரில் பார்த்தவர் வகுப்பில் ஒருவரும் இல்லை. அவரும் பார்த்ததில்லை என்று பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

வல்லக்கோட்டைச் சாலை

1990களின் தொடக்கத்தில் ஒரகடம் என்றால் வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போகிறவர்கள் கடந்துபோகும் ஊர். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கபெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்கிற இடம். சுற்றிலும் ஏரி, வயல், பனைமரம். ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் அவதரித்த தலம். 1991க்குப் பிறகு ராஜீவ் காந்தி உயிர் துறந்த இடம் என்றும் உலகம் அறிந்தது.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1995இல் மகிந்திராவும் ஃபோர்டும் கைகோத்தன. மறைமலை நகர்த் தொழிற்சாலையிலிருந்து 1999இல் ஐகான் கார் வந்தது. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வெளியானது. அதே ஆண்டில் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்க ஆரம்பித்தது. 2007 மார்ச்சில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை திறந்தது. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை தொடங்கிற்று. 2012 ஏப்ரலில் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலையும் அதே ஒரகடத்தில் திறந்தது. லாரி, பஸ்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்வதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்காவின் அல்லிசன் நிறுவனமும் இங்கே ஆலை வைத்திருக்கிறது.

ஆனால் என் கதைக்கு முக்கியமானவை, வண்டியைப் பூட்டும் ஆலைகளைவிட அதைச் சோதிக்கும் இடங்கள். மத்திய அரசு 2005இல் ஒப்புதல் தந்த நாட்ரிப் திட்டத்தில், ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் வந்தது. 2012இல் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 'மகிந்திரா ரிசர்ச் வேலி' திறந்தது. ரெனோ–நிசானின் தொழில்நுட்ப மையமும் அதே வளாகத்தில்தான். 2021இல் செய்யாறு அருகே 454 ஏக்கரில் எஸ்.யு.வி. சோதனை ஓடுதளம் ஒன்றை மகிந்திரா திறந்தது. ஆக, வண்டியை யோசிப்பது ஓரிடம், பூட்டுவது ஓரிடம், அடித்து ஓட்டிப் பார்ப்பது ஓரிடம் என்று எல்லாமே ஒருநாள் பயணத் தூரத்துக்குள் வந்துவிட்டன. இந்த வசதி உலகில் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

பெட்டி வந்தது, பூட்டோடு வந்தது

இந்திய எஸ்.யு.வி.யில் ஆட்டோமேட்டிக் கதையை 2008இலிருந்து சொல்லலாம். அந்த ஆண்டு மகிந்திரா ஸ்கார்ப்பியோவில் ஆறு வேக ஆட்டோமேட்டிக் வந்தது. கியர்பாக்ஸ் ஆஸ்திரேலியாவின் டி.எஸ்.ஐ. நிறுவனத்துடையது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் திவால் நிலைக்குப் போய், சீனாவின் ஜீலி அதை வாங்கிக்கொண்டது. பெட்டி அடுத்தவனுடையதாக இருந்தால் அவன் வீட்டில் விளக்கணையும்போது நம் வீட்டிலும் இருட்டு தட்டும். என் தலைமுறை இன்ஜினியர்கள் இதை மறக்கவில்லை.

2013 ஜூனில் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஈகோஸ்போர்ட் வந்தது, 'பவர்ஷிஃப்ட்' என்ற இரட்டைக் கிளட்ச் கியரோடு. அதன் கதையைப் பிறகு தனியாகச் சொல்கிறேன். 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. வந்தது. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸின் தலையில் இரண்டு இயந்திரக் கைகளைப் பொருத்தி, கிளட்சை மிதிக்கவும் லிவரைத் தள்ளவும் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடும் ஏற்பாடு இது. மலிவு, மைலேஜும் குறையாது. ஆனால் தலையாட்டி பொம்மை முழு வேகத்தில் ஆடியது இதில்தான்!

2015 ஜூலையில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கிரெட்டா, டீசலில் ஆறு வேக ஆட்டோமேட்டிக்கோடு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மகிந்திரா எக்ஸ்.யு.வி.500, ஜப்பானின் ஐசின் கியர்பாக்ஸோடு வந்தது. 2016இல் ஒரகடத்து ரெனோ டஸ்டர் டீசலுக்கு ஆறு வேக ஏ.எம்.டி. கிடைத்தது. அதே ஆண்டு இறுதியில் க்விட் காருக்கும் ஏ.எம்.டி. வந்தது. லிவருக்குப் பதில் டேஷ்போர்டில் ரேடியோ குமிழ் போல ஒரு திருகு.

க்விட்டைப் பற்றி இரண்டு வரி சொல்லியே ஆக வேண்டும். அதன் உருவாக்கத்தை நடத்தியவர் ஜெரார் தெத்தூர்பே என்ற பிரெஞ்சுப் பொறியாளர். பாரிஸிலிருந்து கட்டளையிடாமல், சென்னையிலேயே வந்து தங்கி, இங்குள்ள உதிரிபாகத் தயாரிப்பாளர்களோடு பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்து அந்த வண்டியை முடித்தவர். 2019 டிசம்பரில் காலமானார். அந்த க்விட் ஏ.எம்.டி. முதலில் வந்தபோது ஒரு குறை இருந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக ஊர்ந்து நகராது, ஆக்சிலரேட்டரை மிதித்தே ஆக வேண்டும். நம்ம ஊர் டிராஃபிக்கில் இது பெரிய தொல்லை. 2018இல் 'டிராஃபிக் அசிஸ்ட்' என்ற பெயரில் அந்த ஊரும் குணம் சேர்க்கப்பட்டது. கிளட்சை எவ்வளவு ஒட்டவிடுவது, எவ்வளவு நேரம், சூடு ஏறினால் எப்போது விலக்குவது என்ற கணக்குதான் இதன் சாரம். விலை குறைந்த வண்டியிலும் எண்களால் குணத்தை மாற்ற முடியும் என்பதற்கு ஒரகடம் தந்த நல்ல உதாரணம் இது.

மேப் என்றால் என்ன?

கியர் கம்ப்யூட்டருக்குள் ஒரு கட்டம் போட்ட காகிதம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கிடையாக வேகம், நெடுக்காக ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பது. அதில் கோடுகள். வண்டி ஒரு கோட்டைத் தாண்டினால் மேல் கியர், இன்னொரு கோட்டுக்குக் கீழே வந்தால் கீழ் கியர். இதற்குத்தான் 'ஷிஃப்ட் மேப்' என்று பெயர்.

ஏற ஒரு கோடு, இறங்க ஒரு கோடு, ஏன் இரண்டு? வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் மோட்டார் வைத்திருப்பீர்கள். தொட்டி நிரம்பியதும் மோட்டார் நிற்கும். ஆனால் ஒரு செம்புத் தண்ணீர் எடுத்ததுமே மறுபடி ஓட ஆரம்பித்தால்? மோட்டார் போய்விடும். நன்றாகக் குறைந்த பிறகே ஓட வேண்டும். அதேபோல, எடுத்துக்காட்டாக 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியருக்கு ஏறியது, 29க்கு வந்ததும் இறங்கக் கூடாது. 22 வரை பொறுக்க வேண்டும். இந்த இடைவெளி குறைந்தால் வண்டி ஏறு கியர், இறங்கு கியர் என்று அலைபாயும். கூடிப்போனால் மேட்டில் மூச்சுத் திணறும். எவ்வளவு இடைவெளி என்பது ஊருக்கு ஊர் மாறும். ஜெர்மனியின் நெடுஞ்சாலைக்குச் சரியானது, மாலை 6 மணிக்குத் தாம்பரத்தில் சரிவராது.

எப்போது மாற்றுவது என்பது பாதி வேலைதான். எப்படி மாற்றுவது என்பது மீதிப் பாதி. டார்க் கன்வர்ட்டர் வகைக் கியர்பாக்ஸில் ஒரு கிளட்ச் விடும்போது இன்னொரு கிளட்ச் பிடிக்க வேண்டும். கிணற்றடியில் நிரம்பிய குடத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்குவதை நினைத்துப் பாருங்கள். கொடுப்பவர் முந்திக்கொண்டு விட்டால் குடம் நழுவும். இங்கே இன்ஜின் வீணாக உறுமும். வாங்குபவர் அவசரப்பட்டுப் பிடித்தால் இருவரும் இழுத்துத் தண்ணீர் சிந்தும். இங்கே வண்டி 'டக்'கென்று தட்டும். இந்தக் கைமாற்றம் ஒரு நொடிக்குள் முடிய வேண்டும். அந்த நேரத்தில் இன்ஜின் கம்ப்யூட்டரிடம், "கொஞ்சம் விசையைக் குறைச்சுக்கோ" என்று கேன் தடம் வழியே சொல்லியும் விடுவார்கள்.

எண்ணெய் குளிர்ந்திருந்தால் கெட்டியாக ஓடும், சூடானால் இளகும். கிளட்ச் தட்டு தேயும். ஆகவே கம்ப்யூட்டர் ஒவ்வொரு மாற்றத்தையும் கவனித்து, அடுத்த முறைக்குத் தானே சிறிது திருத்திக்கொள்கிறது. புது வண்டி முதல் சில நாள் முரண்டு பிடித்துப் பிறகு பழகிவிடுவதும், சர்வீஸில் அந்த நினைவை அழித்தபின் சில நாள் வேறு மாதிரி ஓடுவதும் இதனால்தான்.

பின்சீட்டில் உட்கார்ந்த பாடம்

இனி என் சொந்தக் கதை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு புது எஸ்.யு.வி.க்குக் கியர் சாஃப்ட்வேரைச் செம்மைப்படுத்தும் குழுவில் இருந்தேன். கியர்பாக்ஸ் வெளிநாட்டிலிருந்து, அடிப்படை மேப்பும் அங்கிருந்தே. இங்குள்ள சாலைக்கு அதைத் திருத்துவது எங்கள் வேலை. கியர் மாறும் தரத்துக்கு 10க்கு மார்க் போடுவோம். லேப்டாப்பில் வரும் கோடுகளைப் பார்த்து நான் 8 போட்டேன்.

எங்கள் டெஸ்ட் டிரைவர் ஐம்பது வயதைக் கடந்தவர், முன்பு லாரி ஓட்டியவர். அவர் 5தான் போட்டார். "சார், ரெண்டுலேருந்து ஒண்ணுக்கு வரும்போது பின்னாடி யாரோ முட்டுற மாதிரி இருக்குங்க" என்றார். நான் திரையைக் காட்டி, "இங்க பாருங்கண்ணே, ஒண்ணுமே தெரியலையே" என்றேன். அவர் வாதாடவில்லை. "நீங்க முன்சீட்டுல லேப்டாப்பைப் பாத்துக்கிட்டே வர்றீங்க. அதை மூடி வெச்சுட்டு, பின்சீட்டுல கண்ணை மூடிக்கிட்டு உக்காந்து பாருங்க சார்" என்றார்.

உட்கார்ந்தேன். சிங்கபெருமாள்கோவில் சாலையில் வேகத்தடைக்கு வேகத்தடை என் தலை ஆடியது!

காரணம் பிறகு புரிந்தது. வேகத்தடை வரும்போது நம்மவர்கள் பிரேக் பிடித்து வண்டியை ஊர விடுகிறார்கள். முன்சக்கரம் இறங்கிய உடனே ஆக்சிலரேட்டரைத் தொடுகிறார்கள். இறங்கு கியர் மாற்றம் பாதியில் இருக்கும் அந்தக் கணத்தில் விசை வந்து சேர்கிறது. அதாவது குடம் கைமாறும்போது யாரோ முழங்கையில் தட்டுகிறார்கள். இப்படி அடிக்கடி வேகத்தடை இல்லாத நாட்டில் எழுதிய மேப்பில் இந்த நிலைமைக்குத் தனிக் கணக்கே இல்லை. நானும் அதைத் தனியாகப் பிரித்துச் சோதிக்கவில்லை. மொத்தச் சராசரியில் அது மறைந்துபோயிற்று.

இனிமேல்தான் நான் செய்த தப்பு. மேலதிகாரிகள் வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சுலபமான வழி ஒன்று இருந்தது: பிடிக்கும் கிளட்சின் அழுத்தத்தைக் குறைத்து, அதை அதிக நேரம் வழுக்க விடுவது. செய்தேன். கியர் வெண்ணெய் மாதிரி மாறியது. எல்லோரும் கைகொடுத்தார்கள். மே மாதம், அக்னி நட்சத்திரம். ஏ.சி.யும் ஆள் பாரமும் சேர்த்து, நின்று நின்று போகும் சோதனை தொடங்கியது. இரண்டாவது நாள் மத்தியானம் அதே டிரைவர் வந்து, "சார், வாசனை வருது" என்றார், அவ்வளவுதான். எண்ணெய்ச் சூடு ஏறியிருந்தது. வழுக்கும் கிளட்ச் என்பது தேயும் கிளட்ச். பயணிக்கு நான் கொடுத்த சுகத்தை அந்தத் தட்டின் ஆயுளிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தேன். வண்டி விற்ற பிறகு யாரோ ஒருவர், கடன் தவணை முடியும் முன்பே அதற்குப் பணம் கட்டியிருப்பார்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். அந்த வேக எல்லையில் இரண்டாவது கியரை இன்னும் சற்றுக் கீழே வரை பிடித்து வைத்தோம். மாற்றம் நடுவில் இருக்கும்போது விசை வந்தால், இன்ஜினை ஒரு கண் சிமிட்டும் நேரம் பொறுக்கச் சொன்னோம். அழுத்தத்தைப் பழைய அளவுக்கே கொண்டுபோனோம். மூன்று வாரம் தாமதம், மேலிடத்தில் நன்றாகத் திட்டும் வாங்கினேன். கடைசியில் டிரைவர் 7 போட்டார். என் வாழ்க்கையில் வாங்கிய மார்க்குகளில் அந்த 7க்கு நிகர் எதுவுமில்லை. செமஸ்டர் மார்க் உட்பட!

எண் செய்ய முடியாதது

இப்போது ஈகோஸ்போர்ட் கதைக்கு வருகிறேன். பவர்ஷிஃப்ட் என்பது இரட்டைக் கிளட்ச். ஒன்று ஒற்றைப்படைக் கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக் கியர்களுக்கு. ஒன்று ஓடும்போதே மற்றது தயாராக நிற்கும். நல்ல யோசனைதான். ஆனால் இதன் கிளட்ச் எண்ணெயில் நனையாத உலர் வகை. நெடுஞ்சாலையில் சிக்கனம், ஊர்ந்து போகும் நெரிசலிலோ உரசிச் சூடாகும், நடுங்கும். உலகின் பல நாடுகளில் ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களில் இந்த நடுக்கம் பற்றிப் புகார்கள் குவிந்தன. சாஃப்ட்வேரைத் திருத்தினார்கள், கிளட்சை மாற்றிக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. அந்த வழக்கில் ஈகோஸ்போர்ட்டும் சேர்ந்திருந்தது. குறை இருப்பது தெரிந்தும், வாடிக்கையாளர்களிடம் 'நீங்கள் ஓட்டும் முறைதான் காரணம்' என்று சொல்லப்பட்டது அங்கே பெரிய குற்றச்சாட்டு. 2018 ஏப்ரலில் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

இந்தியாவில் 2017 நவம்பரில் புதுப்பித்த ஈகோஸ்போர்ட் வந்தபோது, இரட்டைக் கிளட்ச் போய் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் வந்துவிட்டது. எண்களால் தீராததை இரும்பை மாற்றித் தீர்த்தார்கள். பிற்பாடு ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பையே நிறுத்தி, 2022இல் மறைமலை நகரின் கடைசி ஈகோஸ்போர்ட்டும் வெளியேறியது வேறு காரணங்களால். அன்று அந்த வாசலில் நின்ற நம் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு.

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் அல்ல. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன், வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நாடுகளை மனத்தில் வைத்து, இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸின் எண்ணெயை மாற்றவென்று சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதே நிறுவனம் 2015இல் புகைச் சோதனையை ஏமாற்ற இன்ஜின் சாஃப்ட்வேரில் தந்திரம் செய்து மாட்டிக்கொண்டதும் உலகறிந்த சேதி. எண்ணைக் கொண்டு குறையைத் தீர்க்கவும் முடியும், மறைக்கவும் முடியும். லேப்டாப்பில் இரண்டும் ஒரே விசைப்பலகைதான். ஸ்பிரிங் காலத்தில் பொய் சொல்வது கஷ்டம், கழற்றினால் தெரிந்துவிடும். இப்போது கழற்றிப் பார்த்தாலும் தெரியாது. ஆகவேதான் இந்த வேலைக்கு மனசாட்சி முன்பைவிட அதிகம் தேவைப்படுகிறது.

பூட்டு திறந்த காலம்

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் வந்தபோது, நாட்டில் விற்கும் ஒவ்வொரு இன்ஜினின் கணக்கையும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. இன்ஜின் மாறினால் கியர் மேப்பும் மாற வேண்டும். டஸ்டரின் டீசலும் அதன் ஏ.எம்.டி.யும் அதோடு விடைபெற்றன. ஆனால் அந்தச் சில ஆண்டுகள் இந்த வட்டாரத்து இளைஞர்களுக்குப் பெரிய பள்ளிக்கூடம். 2020 அக்டோபரில் வந்த மகிந்திரா தார், 2021இல் எக்ஸ்.யு.வி.700, 2022இல் ஸ்கார்ப்பியோ–என் மூன்றிலும் ஆறு வேக ஆட்டோமேட்டிக் உண்டு. எக்ஸ்.யு.வி.700 டீசலில் ஜிப், ஜாப், ஜூம் என்று பொத்தானை அழுத்தினால் ஒரே வண்டி மூன்று குணம் காட்டும். அதே இரும்புதான், எண்கள் மட்டும் வேறு. ஹூண்டாய் 2018இல் புது சான்ட்ரோவில் தானே உருவாக்கிய ஏ.எம்.டி.யைக் கொண்டுவந்தது. 2020இல் வென்யூவில் கிளட்ச் மிதி இல்லாத மேனுவல் கியரையும் அறிமுகப்படுத்தியது. 2008இல் பூட்டோடு வந்த பெட்டியின் சாவி, மெல்ல மெல்ல நம் பிள்ளைகள் கைக்கும் வந்துகொண்டிருக்கிறது.

இனி கியரே இல்லாத காலம். 2025 ஜனவரியில் வந்த கிரெட்டா எலெக்ட்ரிக்கும் ஒரே வேகக் கியர் கொண்டதுதான். அப்படியானால் எங்கள் தொழில் முடிந்ததா? இல்லை. மின்சார வண்டியில் காலை எடுத்ததும் மோட்டாரே பிரேக்காக மாறிப் பேட்டரியை நிரப்புகிறது. அந்த இழுப்பு அதிகமானால் பின்சீட்டில் இருப்பவருக்குக் குமட்டும். மறுபடியும் தலையாட்டம், மறுபடியும் ஒரு மேப், மறுபடியும் யாரோ ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்சீட்டில் உட்கார வேண்டும்.

தம்பி தங்கைகளுக்கு

மெக்கானிக்கல் பெரிதா, எலெக்ட்ரானிக்ஸ் பெரிதா என்று நாங்கள் கேன்டீனில் சண்டை போட்டோம். ஒரகடம் அந்தச் சண்டையை முடித்துவைத்துவிட்டது. கிளட்ச் ஏன் சூடாகிறது என்று தெரியாதவர் நல்ல மேப் போட முடியாது. மேப்பைத் தொடத் தெரியாதவருக்கு, கிளட்சைத் தெரிந்தும் வேலை பாதிதான். இரண்டையும் படியுங்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு, அது சிலபஸில் இல்லை. டிரைவர் சொல்வதைக் கேளுங்கள். திரையில் தெரியாதது அவர் முதுகுக்குத் தெரியும்.

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருக்கும் பழைய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கியர் தட்டினால் உடனே பெட்டியைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். முதலில் புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணெயின் அளவையும் நிலையையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பிறகும் தட்டினால், "நீங்க ஓட்டுற விதம் அப்படி சார்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்து, சிங்கபெருமாள்கோவில் சாலையில் ஒரு ரவுண்டு கூட்டிப் போங்கள்.

எனக்கு 7 மார்க் போட்ட அந்த டிரைவர் ஓய்வு பெற்றுவிட்டார். போன பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்கு வாங்கிய தலையாட்டி பொம்மை ஷோகேஸில் இருந்தது. அதைத் தட்டிவிட்டு, "இன்னும் ஆடுது பாருங்க சார்" என்று சிரித்தார்.

நண்பர்களே, சங்கமத்தில் சந்திப்போம். நம் கல்லூரி வாழ்க!

— இயந்திரவியல் துறை முன்னாள் மாணவன்